நிலவறையிலிருந்து விருந்து மேசைக்கு

அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் மாசசூசெட்ஸ், கனெக்டிகட், ரோட் ஐலண்ட், வெர்மாண்ட், நியூ ஹாம்ப்ஷயர், மெய்ன் ஆகிய ஆறு மாநிலங்கள் அடங்கிய நியூ இங்கிலாந்து வட்டாரத்தில் செப்டம்பர் இறுதியிலோ அக்டோபரிலோ முதல் உறைபனி விழுந்துவிடுகிறது. விடியற்காலையில் வெப்பம் சுழியம் டிகிரிக்குக் கீழே இறங்க, தக்காளி, வெள்ளரி போன்ற மென்மையான செடிகள் ஒரே இரவில் கருகிச் சாய்ந்துவிடுகின்றன. டிசம்பருக்குள் மண் உறைந்து இறுகிவிடும். தோட்டத்திலிருந்து அடுத்த கீரை கிடைக்க ஏப்ரல் இறுதியோ மே மாதமோ ஆகும். பரங்கிப் பை, ஆப்பிள் பை, கிரான்பெர்ரி சாஸ், பானையில் வேகும் பீன்ஸ் என்று அந்நாட்டு இலையுதிர்காலத்தின் அடையாளமாக இன்று அறியப்படும் உணவுகள் எல்லாம் அந்த நீண்ட வெறுமையை எதிர்கொள்வதற்காக அங்கே வேரூன்றியவை. எந்தப் பொருள் எத்தனை மாதம் கெடாமல் நிற்கும் என்பதைப் பார்த்துப் பார்த்து அறிந்த மக்கள், அந்த அறிவின் மேல் எழுப்பிய சமையல் அது.

அதனால்தான் அன்றாடச் சாப்பாட்டுக்கும் பண்டிகை விருந்துக்கும் அங்கே தனித்தனிப் பொருள்கள் இருக்கவில்லை. நவம்பர் விருந்தில் வெள்ளித் தட்டில் வைக்கப்படும் பரங்கியும் ஆப்பிளும் மக்காச்சோளமும் கிழங்குகளும், வீட்டுக்கு அடியில் குளிர்ச்சியாக வைக்கப்பட்ட நிலவறையிலிருந்து அக்டோபரின் சாதாரண வார நாளிலும் மேலே ஏறி வந்தவையே. முட்டை இரண்டு கூடும், பாலுக்குப் பதில் க்ரீம் சேரும், மசாலா சற்றுத் தாராளமாகும். பண்டிகைக்கும் வார நாளுக்கும் இடையிலிருந்த தூரம் அவ்வளவுதான். இந்தச் சமையலின் உண்மையான பெருமை அதில்தான் இருக்கிறது.

அறுத்த பின் இனிக்கும் காய்

ஐரோப்பியர் கரையிறங்குவதற்கு நெடுங்காலம் முன்பே அந்நிலத்தில் வாழ்ந்த வாம்பனோவாக், நாரகன்செட் முதலிய பழங்குடி மக்கள் மக்காச்சோளம், பீன்ஸ், பூசணி இனம் ஆகிய மூன்றையும் ஒரே மண்மேட்டில் கலந்து பயிரிட்டுவந்தனர். சோளத் தண்டில் பீன்ஸ் கொடி பற்றி ஏறும்; பீன்ஸ் வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றின் நைட்ரஜனைப் பயிருக்கு உதவும் உரமாக மாற்றும்; பூசணியின் அகன்ற இலைகள் தரையை மூடிக் களையையும் ஈரம் வற்றுவதையும் தடுக்கும். உழவு நூல்கள் விரும்பிப் பேசும் இந்த ஒத்துழைப்பைவிடச் சமையலறைக்கு முக்கியமானது வேறொன்று: மூன்றையும் உலர்த்தியோ அப்படியேயோ குளிர்காலம் முழுவதும் வைத்திருக்கலாம்.

பூசணி இனங்களைப் பிஞ்சிலேயே பறித்து உண்பவை, முற்றவிட்டுச் சேமிப்பவை என்று இரண்டாகப் பிரிப்பர். இரண்டாவது வகையே இலையுதிர்காலத்துக்கு உரியது. பட்டர்நட், ஏகார்ன், ஹப்பர்ட், கபோச்சா முதலியன இதில் அடங்கும். இவற்றைச் சேமிப்பது தனிக் கலை. காம்பு ஒடியாமல் அறுக்க வேண்டும். காம்பு போன இடத்தின் வழியே அழுகல் உள்ளே நுழைந்துவிடும். அறுத்த காயை ஏறத்தாழ 27 டிகிரி வெப்பத்தில், காற்றோட்டமான இடத்தில், பத்து நாள் ஆற விடுவர். இந்தப் பதப்படுத்தலில் தோல் இறுகுகிறது, சிறு கீறல்கள் மூடிக்கொள்கின்றன. அதன்பின் 10 முதல் 13 டிகிரி வரை வெப்பமுள்ள, அதிக ஈரமில்லாத அறையில், ஒன்றன்மேல் ஒன்று அழுத்தாமல் அடுக்கினால் பட்டர்நட் இரண்டு மூன்று மாதமும் ஹப்பர்ட் ஐந்தாறு மாதமும் தாங்கும். ஏகார்ன் வகைக்கு மட்டும் இந்தப் பதப்படுத்தல் ஒத்துக்கொள்ளாது. அது ஐந்து முதல் எட்டு வாரத்துக்குள் தீர்ந்துவிட வேண்டிய காய்.

சேமிப்பில் காய் சும்மா கிடப்பதில்லை. அறுவடையின்போது சதையில் நிறைந்திருக்கும் மாவுச்சத்து, வாரக்கணக்கில் மெல்ல மெல்லச் சர்க்கரையாக மாறுகிறது. புதிதாக அறுத்த கபோச்சா மாவுமாவென்று, ஏறக்குறைய இனிப்பே இல்லாமல் இருக்கும். அதே காய் ஒரு மாதம் கழித்து வேறு காயோ என்று ஐயுறும் அளவுக்கு இனிக்கும். செப்டம்பரில் கொண்டாடாமல் நவம்பரில் கொண்டாடுவதற்கு இதைவிட நல்ல காரணம் தேவையில்லை.

வட்டாரத்தின் சொந்தச் சாதனைகளும் இதில் உண்டு. கனத்த ஓடும் கரடுமுரடான தோலும் கொண்ட ஹப்பர்ட்டை மாசசூசெட்ஸின் மார்பிள்ஹெட் ஊரைச் சேர்ந்த விதை வணிகர் ஜேம்ஸ் கிரிகரி 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் சந்தைக்குக் கொண்டுவந்தார். இன்று உலகச் சந்தைகளில் விற்கும் பட்டர்நட்டும் 20ஆம் நூற்றாண்டில் அதே மாநிலத்தில் உருவானது. வால்தம் ஆய்வுப் பண்ணையில் சீராக்கப்பட்ட அதன் வகைக்கு 1970இல் அமெரிக்காவின் தேசிய விதைப் போட்டியில் பரிசு கிடைத்தது. தமிழர் சமையலில் கூட்டுக்கும் சாம்பாருக்கும் போகும் பரங்கி பெரும்பாலும் இந்தப் பட்டர்நட் சேர்ந்த குக்குர்பிட்டா மொஸ்காட்டா என்ற அதே இனத்தைச் சார்ந்தது. அமெரிக்கக் கண்டத்திலிருந்து ஐரோப்பியரின் கடல்வழி வாணிபத்தால் கீழ்த்திசைக்கு வந்த பயிர் அது. ஆகவே தமிழ் வாசகருக்கு இந்தச் சமையலின் நடுநாயகமான காய் அந்நியமானதன்று.

அன்றாடத்துக்கு இதைச் சமைக்கும் முறைகளில் நீரில் வேகவைப்பதே மோசமானது. ஏற்கெனவே நீர் நிறைந்த சதையில் மேலும் நீர் ஏறி, இனிப்பு கரைந்து வெளியேறிவிடும். காயை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, விதையை வழித்தெடுத்து, வெட்டிய பக்கம் எண்ணெய் தடவித் தட்டில் கவிழ்த்து, 200 டிகிரி ஓவனில் முக்கால் மணிநேரம் சுட்டால், தட்டைத் தொடும் விளிம்புகள் கருஞ்சிவப்பாகும். உள்ளே சதை தன் ஆவியிலேயே வெந்து, கரண்டியால் வழிக்கும் பதத்துக்கு வரும். வெங்காயத்தையும் ஒரு புளிப்பு ஆப்பிளையும் வெண்ணெயில் வதக்கி, இந்தச் சதையுடன் சேர்த்து அரைத்தால் சூப். ஏகார்ன் பாதிகளின் குழிவில் வெண்ணெயும் மேப்பிள் மரத்தின் சாற்றைக் காய்ச்சி எடுத்த பாகும் விட்டுச் சுட்டால், அதுவே ஒரு பக்க உணவு. வழித்த விதைகளையும் எறிவதில்லை. கழுவி உலர்த்தி உப்பிட்டு வறுத்துக் கொறிக்கிறார்கள்.

ஒரு பையின் இரு முகங்கள்

அக்டோபர் இறுதியில் ஹாலோவீன் நாளுக்காக முகம் செதுக்கி விளக்கேற்றும் பெரிய ஆரஞ்சுப் பரங்கி, சமையலுக்கு ஏற்றதன்று. செதுக்க எளிதாக மெல்லிய சதையும், நார்நாரான உட்புறமும் கொண்டதாக வளர்க்கப்பட்டது அது. பைக்குச் சிறிய, சதை செறிந்த வகைகளே பொருந்தும். அமெரிக்க வீடுகள் மிகப் பலவற்றில் பை செய்யப்படுவது டப்பாவில் அடைத்த பரங்கி விழுதால். அதற்கான காயில் பெரும்பகுதி இல்லினாய் மாநிலத்தில், மோர்ட்டன் என்ற சிற்றூரைச் சுற்றி விளைகிறது. அந்தக் காய் டிக்கின்சன் என்னும் வகை. வெளிர்பழுப்புத் தோலோடு பட்டர்நட்டின் உறவாக நிற்பது. டப்பா விழுதைச் சிலர் தரக்குறைவாகப் பேசுவதுண்டு. அது நியாயமற்றது. நீர் வற்றச் செறிவாக்கிய, ஆண்டுதோறும் ஒரே பதத்தில் கிடைக்கும் அந்த விழுது, தவறான காயை வாங்கி வீட்டில் அரைத்த நீர்த்த விழுதைவிட எவ்வளவோ மேல்.

பை என்பது கோதுமை மாவும் கொழுப்பும் சேர்ந்த ஓட்டில் பழத்தையோ காயையோ நிரப்பிச் சுடும் பண்டம். பரங்கிப் பையின் வரலாற்றைப் பார்த்தால், இந்தச் சமையலின் இரட்டை இயல்பு அங்கே எழுத்திலேயே பதிவாகியிருப்பது தெரியும். அமெரிக்கர் ஒருவர் எழுதி அந்நாட்டில் அச்சான முதல் சமையல் நூலாகக் கருதப்படும் அமெலியா சிம்மன்ஸின் ‘அமெரிக்கன் குக்கரி’ 1796இல் கனெக்டிகட்டின் ஹார்ட்ஃபோர்ட் நகரில் வெளிவந்தது. மாவு ஓட்டில் சுடும் பரங்கிக்கு அதில் இரண்டு செய்முறைகள் அடுத்தடுத்து உள்ளன. முதலாவதில் ஒரு குவார்ட் பரங்கி விழுதுக்கு மூன்று பைண்ட் க்ரீம், ஒன்பது முட்டை, சர்க்கரை, ஜாதிபத்திரி, ஜாதிக்காய், இஞ்சி. குவார்ட் என்பது ஏறத்தாழ 950 மில்லி, பைண்ட் அதில் பாதி. இரண்டாவதில் ஒரு குவார்ட் சாதாரணப் பாலும் ஒரு பைண்ட் பரங்கியும் நான்கு முட்டையும். சர்க்கரையின் இடத்தில் மொலாசஸ், அதாவது கரும்புச்சாற்றிலிருந்து சர்க்கரை பிரித்தபின் எஞ்சும் கரிய பாகு. சிம்மன்ஸ் இவற்றுக்குப் பண்டிகைப் பை, அன்றாடப் பை என்று பெயரிடவில்லை. எண் ஒன்று, எண் இரண்டு என்று மட்டும் குறித்தார். வீட்டில் உள்ளதைப் பார்த்துக்கொண்டு எதைச் செய்வது என்று முடிவெடுப்பது சமைப்பவரின் உரிமை.

இன்னும் தெளிவாகச் சொன்னவர் லிடியா மரியா சைல்ட். அடிமை முறைக்கு எதிராக நெடுங்காலம் எழுதிய இவர், 1829இல் சிக்கனக் குடும்பத்துக்கான சமையல் நூல் ஒன்றை வெளியிட்டார். குடும்பத்துக்கான சாதாரணப் பரங்கிப் பைக்கு ஒரு குவார்ட் பாலுக்கு மூன்று முட்டை போதும் என்கிறார்; முட்டை கூடக் கூடப் பை சிறக்கும் என்று சொல்லிவிட்டு, ஒரு கில் பாலுக்கு ஒரு முட்டை சேர்ப்போரும் உண்டு என்கிறார். ஒரு குவார்ட்டில் எட்டு கில். ஆக, மூன்று முட்டைக்கும் எட்டு முட்டைக்கும் இடையில் ஒரு வீட்டின் செல்வநிலையும் நாளின் சிறப்பும் அடங்கிவிடுகின்றன. பை மட்டும் ஒன்றே.

முட்டையின் எண்ணிக்கை இவ்வளவு பேசப்படுவதற்குக் காரணம், பரங்கிப் பையின் உள்ளீடு உண்மையில் கஸ்டர்ட் என்பதே. பாலும் முட்டையும் சேர்ந்து சூட்டில் உறைந்து நிற்கும் பண்டம் கஸ்டர்ட். முட்டையின் புரதங்கள் விரிந்து, ஒன்றோடொன்று பின்னிப் பாலின் நீரைத் தமக்குள் பிடித்துவைக்கின்றன. சூடு மிஞ்சினால் அந்தப் பின்னல் சுருங்கி நீரைக் கக்கிவிடும். இன்று பரவலாக உள்ள அளவில், 425 கிராம் விழுதுக்கு இரண்டு முட்டை, ஏறத்தாழ 350 மில்லி சுண்டவைத்த பால், 150 கிராம் சர்க்கரை, ஒரு தேக்கரண்டி பட்டைத்தூள், அரைத் தேக்கரண்டி சுக்குத்தூள், கால் தேக்கரண்டி கிராம்புத்தூள், சிட்டிகை உப்பு. 220 டிகிரியில் கால் மணிநேரம் சுட்டு, 175 டிகிரிக்குக் குறைத்து மேலும் 40 முதல் 50 நிமிடம் விடுவர். எப்போது எடுப்பது என்பதில்தான் கைப்பழக்கம் தெரியும். ஓரம் லேசாக உப்பி இறுகியிருக்க, நடுவில் உள்ளங்கை அகலத்துக்குத் தட்டை அசைத்தால் தளதளக்க வேண்டும். வெளியே எடுத்தபின்னும் உள்ளே தங்கிய சூடு அந்த நடுப்பகுதியை உறையவைத்துவிடும். ஓவனுக்குள்ளேயே நடுப்பகுதியும் இறுகக் காத்திருப்பவரின் பை, ஆறும்போது குறுக்கே பிளந்துவிடுகிறது.

ஓட்டின் இரகசியம் குளிர்ச்சி. குளிர்ந்த வெண்ணெயையோ பன்றிக்கொழுப்பையோ மாவில் பட்டாணி அளவுத் துணுக்குகளாக உதிர்த்து, ஐஸ் நீரைக் கரண்டி கரண்டியாகத் தெளித்து, பிசையாமல் அள்ளிச் சேர்க்க வேண்டும். தேய்க்கும்போது அந்தத் துணுக்குகள் தட்டையாகி மாவுக்கிடையே படலங்களாக நிற்கும். ஓவனில் அவை உருக, நீர் ஆவியாகி அடுக்குகளைப் பிரிக்கும். பிசைந்தாலோ கோதுமையின் குளூட்டன் என்ற ஒட்டும் புரதம் வலுவடைந்து ஓடு தோலாகிவிடும். கஸ்டர்ட் ஊற்றுவதற்கு முன் வெறும் ஓட்டைக் காகிதம் விரித்து, காய்ந்த பீன்ஸைப் பாரமாக நிரப்பி, ஒருமுறை சுட்டெடுத்தால் அடிப்பாகம் ஊறிப்போகாது.

இந்தப் பையில் மணக்கும் மசாலாக்களில் ஒன்றுகூட அந்த மண்ணில் விளைந்ததன்று. ஜாதிக்காயும் கிராம்பும் இந்தோனேசியத் தீவுகளில் பிறந்தவை. பட்டையில் சிறந்த வகை இலங்கைக்கு உரியது, ஆனால் அமெரிக்கக் கடைகளில் விற்பதில் பெரும்பகுதி அதன் உறவான காசியா என்ற காரமான தடித்த பட்டை. பரங்கியின் இனிப்பு மந்தமானது, மண்வாசனை கொண்டது. அதைத் தூக்கி நிறுத்த இந்தக் கீழ்த்திசைக் காரம் தேவைப்பட்டது.

சனிக்கிழமையின் அடுப்பு

பழைய நியூ இங்கிலாந்து வீட்டில் கணப்பின் ஓரமாகச் சுவரினுள் குவிமாடமாகக் கட்டிய செங்கல் அடுப்பு ஒன்று இருக்கும். அதற்கு வெப்பமானி கிடையாது, தணலும் அடியில் எரிந்துகொண்டிருக்காது. குவிமாடத்துக்குள்ளேயே விறகை அடுக்கி மணிக்கணக்கில் எரிப்பர். முதலில் உட்கூரை புகைக்கரியால் கறுக்கும், பிறகு அந்தக் கரியும் எரிந்து செங்கல் வெளிறித் தெரியும். அதுவே அடுப்பு தயார் என்பதற்கு அடையாளம். தணலையும் சாம்பலையும் வாரி வெளியே தள்ளி, தரையை ஈரத் துடைப்பத்தால் பெருக்கிவிட்டு, வெறுங்கையை உள்ளே நீட்டி எத்தனை எண்ணும்வரை பொறுக்க முடிகிறது என்று பார்த்துச் சூட்டை அளந்தனர். நீண்ட நேரம் வேக வேண்டிய பீன்ஸ் பானையும் புட்டிங் பானையும் ஆழத்தில். விரைவில் எடுக்க வேண்டிய பைகள் வாய்க்கு அருகில். செங்கல் மெல்ல ஆறிக்கொண்டே போகும் அந்த ஒரே சூட்டில் இரவுச் சாப்பாடும் மறுநாள் உணவும் தயாராயின. ஞாயிற்றுக்கிழமை வேலை செய்வது பாவம் என்று நம்பிய பியூரிட்டன் கிறிஸ்தவர்களுக்கு, சனிக்கிழமை ஏற்றிய பானை இரவெல்லாம் அடுப்பில் கிடந்து மறுநாளும் சூடாக இருந்தது பெரும் வசதி.

அப்படிப் பிறந்ததே பாஸ்டன் பீன்ஸ். சிறிய வெள்ளை பீன்ஸை இரவில் ஊறவைத்து, தோல் உரியும் பதத்துக்கு முதலில் தண்ணீரில் வேகவைத்து, பிறகே உப்பிட்ட பன்றிக்கொழுப்பு, வெங்காயம், கடுகுத்தூள், மொலாசஸ் சேர்த்து, வாய் குறுகிய மண்பானையில் ஆறேழு மணிநேரம் மெல்லிய சூட்டில் விடுவர். இந்த வரிசை முக்கியமானது. மொலாசஸில் உள்ள அமிலமும் கால்சியமும் பீன்ஸின் செல் சுவர்களை இறுக்கிவிடுவதால், வேகாத பீன்ஸில் அதைச் சேர்த்தால் எத்தனை மணிநேரமானாலும் மசியாது. வெந்த பீன்ஸில் சேர்த்தாலோ, இரவு முழுதும் அடுப்பில் கிடந்தும் ஒவ்வொரு மணியும் குழையாமல் முழுதாக நிற்கும். கோதுமை சரியாக விளையாத அந்நிலத்தில் மக்காச்சோள மாவையும் ரை என்ற தானியத்தின் மாவையும் கலந்து ஆவியில் வேகவைத்த பழுப்பு ரொட்டி இதற்குத் துணை. சோள மாவைச் சூடான பாலில் கரைத்து, மொலாசஸும் சுக்கும் சேர்த்து மணிக்கணக்கில் சுட்ட ‘இந்தியன் புட்டிங்’ அதன்பின் வரும். இங்கே இந்தியன் என்பது அமெரிக்கப் பழங்குடியினரைக் குறித்தது.

இந்த உணவுகளின் இனிப்புக்குப் பின்னால் உள்ள கொடுமையை மறைத்து எழுதுவது முறையாகாது. மொலாசஸ் கரீபியத் தீவுகளின் கரும்புத் தோட்டங்களிலிருந்து வந்தது. அங்கே உழைத்தவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவரப்பட்ட அடிமைகள். நியூ இங்கிலாந்து வணிகர்கள் தங்கள் உப்புமீனில் தரம் குறைந்ததை அந்த அடிமைகளின் உணவுக்காகத் தீவுகளுக்கு விற்று, பதிலுக்கு மொலாசஸ் ஏற்றிவந்தனர். சிக்கனமும் பக்தியும் நிறைந்ததாகப் போற்றப்பட்ட சனிக்கிழமைப் பானை இந்த வாணிபத்தோடு பிணைந்திருந்தது.

ஆப்பிளும் கிரான்பெர்ரியும்

ஆப்பிள் மத்திய ஆசிய மலைகளில் தோன்றி ஐரோப்பா வழியாக வந்த குடியேறி. பாஸ்டன் அருகே 17ஆம் நூற்றாண்டில் உருவான ராக்ஸ்பரி ரசட், கரடுமுரடான பழுப்புத் தோலுடன் அழகற்றது; ஆனால் நிலவறையில் வசந்தம்வரை தாங்கும். இந்தக் குணத்துக்காகவே பழைய வகைகள் பல மதிக்கப்பட்டன. சிவந்து மினுங்கும் தோலுக்காகவே வாங்கும் இன்றைய பழக்கத்தால் அவற்றில் பல அருகிப்போனது உண்மையான இழப்பு. சமையலில் எந்த ஆப்பிளை எதற்கு எடுப்பது என்பதே பாதி வேலை. மெக்கின்டோஷ் சூடுபட்டதும் கரைந்து கூழாகிவிடும். பட்டையும் சிறிது சர்க்கரையும் சேர்த்து மசியவைக்கும் அன்றாட ஆப்பிள் சாஸுக்கு அதுவே சிறந்தது. பைக்கு ஓட்டினுள் உருக்குலையாமல் நிற்கும் நார்தர்ன் ஸ்பை, ரோட் ஐலண்ட் கிரீனிங் போன்ற புளிப்பு வகைகள் வேண்டும். ஓடு தேய்க்க நேரமில்லாத நாளில் அதே துண்டுகளின் மேல் ஓட்ஸ், வெண்ணெய், பழுப்புச் சர்க்கரை உதிர்த்துத் தூவிச் சுட்டால் ஆப்பிள் கிரிஸ்ப் ஆகிவிடும். நிலவறையில் ஆப்பிளைப் பரங்கிக்கு அருகே வைக்கக் கூடாது என்பது பழைய விதி. பழுக்கும் ஆப்பிள் வெளிவிடும் எத்திலீன் வாயு அருகிலுள்ள காய்களை விரைவில் மூப்படையச் செய்துவிடும்.

கிரான்பெர்ரி முற்றிலும் அந்த மண்ணுக்குரியது. அமில மண்ணும் ஈரமும் உள்ள சதுப்பில் தரையோடு படரும் கொடியில் காய்க்கும் இந்தச் செந்நிறப் பழத்தை வாம்பனோவாக் மக்கள் தலைமுறை தலைமுறையாகத் திரட்டிவந்தனர். மார்த்தாஸ் வின்யார்ட் தீவில் வாழும் அக்வின்னா வாம்பனோவாக் சமூகம் அக்டோபரின் இரண்டாம் செவ்வாய்க்கிழமையை இன்றும் கிரான்பெர்ரி நாளாகக் கொண்டாடுகிறது. 1816 வாக்கில் கேப் காட் பகுதியின் டென்னிஸ் ஊரில் ஹென்றி ஹால் என்பவர், காற்றில் மணல் வீசி மூடிய கொடிகள் கூடுதலாகக் காய்ப்பதைக் கவனித்துத் தோட்டப் பயிராக வளர்க்கத் தொடங்கினார். இன்று அமெரிக்க விளைச்சலில் பாதிக்கும் மேல் விஸ்கான்சின் மாநிலத்தில் விளைகிறது.

பழத்தைக் குறுக்கே வெட்டினால் நான்கு காற்றறைகள் தெரியும். வயலில் நீரைத் தேக்கிக் கொடிகளை அலசினால் பழங்கள் மிதந்து வந்து சிவப்புப் பரப்பாகத் திரள்வதும், நல்ல பழம் பலகையில் போட்டால் துள்ளுவதும் இந்த அறைகளால்தான். பழைய தரம்பிரிக்கும் கருவிகள் துள்ளும் பழத்தை ஏற்று, துள்ளாததை ஒதுக்கின. பென்சாயிக் அமிலம் இயற்கையாகவே உள்ளதால் எளிதில் கெடாது. பச்சையாகத் தின்ன முடியாத அளவு புளிப்பும் துவர்ப்பும் கொண்ட இந்தப் பழத்தை 340 கிராம் எடுத்து, 200 கிராம் சர்க்கரையும் 240 மில்லி தண்ணீரும் சேர்த்து அடுப்பில் வைத்தால், சில நிமிடங்களில் பழங்கள் பட்பட்டென்று வெடிக்கத் தொடங்கும். பெரும்பாலானவை வெடித்ததும் இறக்கிவிட வேண்டும். கிண்டும்போது நீர்த்ததாகத் தோன்றினாலும், பழத்திலுள்ள பெக்டின் என்ற பொருள் சர்க்கரையோடும் அமிலத்தோடும் சேர்ந்து, ஆறியதும் தானாகவே கூழ்ப்பதமாக உறையும்; கெட்டியாகவில்லையே என்று மேலும் காய்ச்சுபவருக்கு மறுநாள் ரப்பர்தான் கிடைக்கும். ஆரஞ்சுத் தோல் துருவலோடு இதே பழத்தை நறுக்கிப்போட்டுச் சோடா மாவில் சுடும் ரொட்டி, காலை உணவுக்கும் பள்ளிக்குழந்தையின் டப்பாவுக்கும் உரியது.

நவம்பரின் நான்காம் வியாழன்

நன்றி நவிலல் நாள் எனப்படும் அமெரிக்கப் பண்டிகையின் வேராக 1621இல் மாசசூசெட்ஸில் ஆங்கிலேயரின் பிளிமத் குடியேற்றத்தில் நடந்த அறுவடை விருந்தைச் சொல்வர். அதைப் பற்றிய நேரடிச் சான்றான எட்வர்ட் வின்ஸ்லோவின் கடிதம், நால்வர் சென்று பறவைகளை வேட்டையாடியதையும், மாசசாயிட் என்ற வாம்பனோவாக் தலைவர் ஏறத்தாழ 90 பேருடன் வந்து மூன்று நாள் விருந்துண்டதையும், அவர்கள் ஐந்து மான்களைக் கொண்டுவந்ததையும் சொல்கிறது. வான்கோழியின் பெயர் அதில் இல்லை, பையும் இல்லை. அந்தக் குடியேறிகள் உயிர்பிழைத்து அறுவடை கண்டதே, மீனை உரமாக இட்டுச் சோளம் விதைக்கக் கற்றுத்தந்த டிஸ்குவான்டம் போன்ற பழங்குடியினரால். அதற்குப்பின் அந்தப் பழங்குடி மக்களுக்கு நேர்ந்த நில இழப்பையும் அழிவையும் நினைத்து, 1970 முதல் அதே வியாழக்கிழமை பிளிமத்தில் துக்க நாள் கடைப்பிடிக்கப்படுகிறது. மேசையில் இருக்கும் சோளமும் பீன்ஸும் பரங்கியும் யாருடைய கொடை என்பதை அறிந்து உண்பவர்கள் இந்தத் துக்கத்தையும் அறிந்திருக்க வேண்டும்.

இன்றைய விருந்தின் வடிவம் 19ஆம் நூற்றாண்டில் அமைந்தது. நியூ ஹாம்ப்ஷயரில் பிறந்த சாரா ஜோசஃபா ஹேல், 1827இல் வெளியான தம் ‘நார்த்வுட்’ நாவலில் வறுத்த வான்கோழியும் கோழிப் பையும் பரங்கிப் பையும் நிறைந்த விருந்தை விரிவாக வருணித்தார்; பெண்கள் இதழொன்றின் ஆசிரியராக இருந்து, இதை நாடு முழுமைக்குமான விடுமுறையாக்கக் கோரிப் பல ஆண்டுகள் எழுதினார். உள்நாட்டுப் போரின் நடுவே, 1863 அக்டோபர் 3ஆம் நாள் அதிபர் லிங்கன் அதை அறிவித்தார். நவம்பரின் நான்காம் வியாழன் என்பது 1941இல் சட்டமாயிற்று.

பின்னர் தொழிற்சாலைகளும் மேசையில் இடம்பிடித்தன. சர்க்கரைவள்ளிக்கிழங்கின் மேல் மார்ஷ்மெல்லோ என்ற பஞ்சு போன்ற மென்மிட்டாயைப் பரப்பிச் சுடும் வழக்கத்தை 1917இல் ஒரு மிட்டாய் நிறுவனம் வெளியிட்ட செய்முறைக் கையேடு பரப்பியது. டப்பாக் காளான் சூப்பில் பச்சை பீன்ஸைச் சுடும் உணவை 1955இல் கேம்பெல் நிறுவனத்தின் சமையலறையில் டார்கஸ் ரைலி உருவாக்கினார். இரண்டாவதை வெறுக்க வேண்டியதில்லை; வான்கோழியே சமைப்பவரின் நேரத்தை விழுங்கும் நாளில், எளிதில் கிடைக்கும் பொருள்களால் அரை மணிநேரத்தில் முடியும் உணவு அது. முதலாவது அப்படியன்று. சர்க்கரைவள்ளியைத் தோலோடு குறைந்த சூட்டில் நிதானமாகச் சுட்டால் அதன் நொதிகளே மாவுச்சத்தை மால்ட்டோஸ் என்ற இனிப்பாக மாற்றித் தோலின் வழியே பாகாகக் கசியவைக்கும். அதன்மேல் மிட்டாயைக் கொட்டுவது அந்தக் கிழங்குக்குச் செய்யும் அநீதி. தென் மாநிலங்களின் கறுப்பின மக்கள் இதே கிழங்கைக் கொண்டு பரங்கிப் பைக்கு ஈடான, பலர் நாவுக்கு அதனினும் மேலான, பை ஒன்றை வளர்த்தெடுத்தனர்.

விருந்துக்கு வெகுமுன்பே பைகள் சுடப்பட்டுவிடும் என்பதும் பழைய வழக்கமே. ஹாரியட் பீச்சர் ஸ்டோவ் 1869இல் எழுதிய ‘ஓல்ட்டவுன் ஃபோக்ஸ்’ நாவலில், பண்டிகைக்காகச் சுட்ட ஏராளமான பைகள் சூடேற்றாத அறையொன்றில் உறைந்து குளிர்காலம் முழுவதும் இருந்துவந்ததைப் பதிவுசெய்திருக்கிறார். வேண்டியபோது ஒன்றை எடுத்துவந்து கணப்பருகே வைத்துச் சூடாக்கினால், பண்டிகைப் பை சனவரி மாதத்துச் சாதாரண இரவின் பையாகிவிடும்.

இன்றும் வெள்ளிக்கிழமை காலையில் பரங்கிப் பையின் மிச்சம் காபியோடு காலை உணவாகிறது. வான்கோழியின் எலும்புக்கூட்டை வெங்காயம், கேரட், செலரித் தண்டோடு மூன்று நான்கு மணிநேரம் கொதிக்கவிடாமல் மெல்லிய சூட்டில் விட்டு வடித்தால், வாற்கோதுமையோ நூடுல்ஸோ போட்டுக் குடிக்கும் சூப்பின் அடிநீர் கிடைக்கும். மிஞ்சிய கிரான்பெர்ரி சாஸ் இறைச்சித் துண்டோடு ரொட்டிக்கிடையே போகும்; மசித்த கிழங்கு மாவோடு பிசைந்து அடையாகத் தட்டப்படும். நிலவறையில் எஞ்சிய காய்களை எடுப்பதற்கும் வரிசை உண்டு: ஏகார்ன் நவம்பர் முடிவதற்குள், பட்டர்நட் சனவரிக்குள், கோடாரியால் பிளக்க வேண்டிய ஹப்பர்ட் கடைசியாக, பனி இன்னும் முழங்கால் அளவு கிடக்கும் பிப்ரவரியிலும் மார்ச்சிலும்.